ஆடாத ஊஞ்சல்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று சொல்லிவிட்டுப் போன புண்ணியவான், மூன்றாவதாக ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். 'இன்டீரியர் பண்ணிப் பார்!' அவர் காலத்தில் அந்தச் சமாசாரமே கிடையாது. சுவரில் நாலு ஆணி. மூன்றில் சாமி படம், ஒன்றில் காலண்டர். கதவுக்குப் பின்னால் சட்டை மாட்ட இன்னும் ஓர் ஆணி இருந்தால் அது வசதியான குடும்பம்.

இப்போது அப்படியா? ஆபீஸில் புதுசாகச் சேர்ந்த பையன்கூட, "சார், ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டேன், இன்டீரியருக்குத்தான் லோன் போடணும்" என்கிறான். வீடு வாங்கக் கடன், வாங்கிய வீட்டுக்குள் நடக்கக் கடன்!

எங்கள் வீட்டுக்கு இன்டீரியர் ஆசையால் வரவில்லை. அவசியத்தால் வந்தது. 2025 தொடக்கத்தில் சிதம்பரத்தில் அப்பா கொல்லைப்புறப் படியில் வழுக்கி விழுந்தார். வயது எழுபத்தாறு. இடுப்பு எலும்பு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் மூன்றே மூன்று வாக்கியம் சொன்னார். "படி ஏறக் கூடாது. தரையில உட்காரக் கூடாது. தனியா இருக்கக் கூடாது."

அப்பா இருந்ததோ வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய காலத்து வாடகை வீட்டில். திண்ணை ஏற மூன்று படி. கூடத்திலிருந்து முற்றத்துக்கு இறங்க ஒன்று, மறுபடி ஏற ஒன்று, கொல்லைக்கு இரண்டு. வாசலிலிருந்து பாத்ரூம் போவதற்குள் ஏழு படி! அந்த வீட்டில் நாற்பது வருஷம். அம்மா போன பிறகு ஆறு வருஷமாகத் தனியே. ஊஞ்சல், கோயில் மணி, சாயரட்சை தரிசனம், திரும்பும் வழியில் ஒரு காபி. இதுதான் அவருடைய உலகம்.

"கடலூருக்கு வந்துடுங்கப்பா."

"உன் வீட்ல எனக்கு என்னடா இருக்கு?"

கேள்வி நியாயமானதுதான். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீடு எண்ணூற்றைம்பது சதுர அடி. இரண்டு பெட்ரூம். ஒன்றில் நானும் மனைவியும். இன்னொன்றில் பையன், அவனுடைய சைக்கிள், பழைய பேப்பர், ஓடாத மிக்ஸி, கொலு பொம்மைப் பெட்டி. அப்பாவைக் கூப்பிடுவதென்றால் அவருக்கு ஓர் இடம் இருக்க வேண்டும். ஒண்டிக்கொள்ள ஒரு மூலை இல்லை, இடம். அதுவரை சிதம்பரத்தில் அக்கா வீட்டில் மூன்று மாதம் இருப்பதாக ஏற்பாடு. அக்காவுக்கோ மே மாதம் மகள் பிரசவத்துக்கு வருகிறாள். ஆக, கையில் மூன்று மாதம். பையில் பி.எஃப். முன்பணம் மூன்றே கால் லட்சம். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது.

ஆபீஸில் சொன்னேன். ஓர் ஆபீஸில் சொல்லக் கூடாத விஷயங்கள் இரண்டு. ஒன்று தலைவலி, இன்னொன்று இன்டீரியர். ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். "வடமேற்குல பெட் போடாதீங்க" என்றார் ஒருவர். "ஃபால்ஸ் சீலிங் இல்லாம இன்டீரியரே இல்ல சார்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் மொபைலில் நாற்பது வீடியோ அனுப்பினார். அத்தனையிலும் வீடு பளபளவென்று இருந்தது. ஒன்றில்கூட மனிதர்கள் இல்லை.

ஒரு கம்பெனியைக் கூப்பிட்டோம். டை கட்டிய தம்பி ஒருவர் வந்து லேசர் கருவியால் அளந்துகொண்டு போனார். ஐந்தாம் நாள் 'த்ரீ-டி' படங்களோடு வந்தார். பிரமாதமான படங்கள்! எங்கள் ஹாலில் ஒரு வெள்ளைக்காரப் பெண் காலை மடக்கி உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள்.

"இவங்க யாருங்க?" என்றாள் என் மனைவி.

"அது சும்மா, அளவு தெரியறதுக்காக மேடம்."

"மாமாவைக் காணோமே?"

மாமாவுக்கு 'சோஃபா கம் பெட்' ஒதுக்கப்பட்டிருந்தது. ஜன்னலை அடைத்து வார்ட்ரோப், சுவர் முழுக்க டி.வி. யூனிட், மேலே இரண்டடுக்கு ஃபால்ஸ் சீலிங். எஸ்டிமேட் ஒன்பது லட்சத்து முப்பத்தெட்டாயிரம். அதற்கு ஜி.எஸ்.டி. பதினெட்டு சதவிகிதம், அதாவது தனியாக 1,68,840 ரூபாய். வரித் தொகையிலேயே எங்கள் பட்ஜெட்டில் பாதி காலி! தம்பிக்கு மோர் கொடுத்து அனுப்பி வைத்தோம்.

அன்று ராத்திரி மனைவி கோலமாவு டப்பாவை எடுத்தாள். பையன் ரூமைக் காலி செய்து, தரையில் கோலமாவால் கட்டில் வரைந்தாள். ஆறேகால் அடிக்கு மூன்றடி. பிறகு அலமாரி, மேஜை, நாற்காலி. எல்லாம் நிஜ அளவில். அக்கம்பக்கத்தில் ஒரு வாக்கரை இரவல் வாங்கி வந்து பையனிடம் கொடுத்து, "நீதான் தாத்தா. பாத்ரூம் போயிட்டு வா" என்றாள்.

பையன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முனகல் எல்லாம் போட்டு, தத்ரூபமாக நடந்தான். கோட்டை மிதித்த இடமெல்லாம் இடிக்கிற இடம். அழித்தாள், மாற்றி வரைந்தாள். பதினோரு மணிக்குள் ஆறு தடவை வரைந்தாயிற்று. வாக்கரின் அகலம் சுமார் இரண்டடி. திரும்ப வேண்டுமானால் மூன்றடிக்குக் குறையாமல் காலி இடம் வேண்டும். இந்த ஓர் உண்மை லேசர் கருவிக்குத் தெரியவில்லை, கோலமாவுக்குத் தெரிந்தது. நண்பர்களே, இன்டீரியர் செய்ய உத்தேசம் இருந்தால் முதலில் அரைப் படி கோலமாவு வாங்குங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போய் அப்பாவிடம் பிளானைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இந்தப் பக்கம் என்ன?"

"ஒண்ணுமில்லப்பா. ஷெல்ஃப் ஏதாவது போடலாம்."

"போடாதே. சும்மா விடு." கொஞ்சம் நிறுத்தி, "இங்க திரையை விலக்கினா என்னடா தெரியும்?" என்றார்.

சிதம்பர ரகசியத்தைத்தான் கேட்கிறார். சித்சபையில் நடராஜருக்குப் பக்கத்தில் திரை. விலக்கினால் சிலை இல்லை, லிங்கம் இல்லை. தங்க வில்வ மாலை தொங்கும் வெறும் வெளி. ஆகாச ஸ்தலம் என்பதால் அங்கே வெளிதான் சாமி. கூரையைப் பற்றி அப்பா ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். சித்சபையின் பொற்கூரையில் ஓடு 21,600, ஆணி 72,000 என்பது சம்பிரதாயக் கணக்கு. மனிதன் ஒரு நிமிஷத்துக்குப் பதினைந்து மூச்சு விட்டால் ஒரு நாளைக்கு 21,600. ஆணி உடம்பிலுள்ள நாடிகளின் எண்ணிக்கை. ஒன்பது கலசம், ஒன்பது வாசல். அதாவது அந்தச் சபையே ஒரு மனித உடம்பு என்பது ஐதீகம். தங்கம் போர்த்திய அத்தனை பெரிய கூரைக்குக் கீழே, முக்கியமான இடத்தைக் காலியாக விட்டவன்தான் இந்த ஊரின் மூத்த இன்டீரியர் டிசைனர்!

"சுவத்துக்குச் சுவர் ரொப்பினா அது வீடு இல்லடா, குடோன்" என்றார் அப்பா.

தத்துவம் ஒரு பக்கம் இருக்கட்டும். வாக்கர் திரும்பும் மூன்றடி இடம் அங்கேதான் கிடைத்தது.

* * *

இந்த மூன்று மாதத்தில் நான் படித்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம். 'மாடுலர் கிச்சன்' என்கிறோமே, அதன் பாட்டி ஜெர்மனியில் பிறந்தவள். 1926-ல் ஃப்ராங்க்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஓர் அடுப்படியை வடிவமைத்தார், மார்கரெத்தே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரிய அம்மையார். ரயிலில் சாப்பாட்டுப் பெட்டி இருக்கிறதல்லவா? அந்தச் சின்ன அடுப்படியில் நூறு பேருக்குச் சமைக்க முடிகிறதே, எப்படி என்று பார்த்து, எட்டு வைக்கும் தூரத்தையெல்லாம் கணக்கிட்டு, சுமார் எழுபது சதுர அடிக்குள் எல்லாவற்றையும் அடக்கினார். ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். இதில் வேடிக்கை, அந்த அம்மையார் அதுவரை சமைத்ததே இல்லையாம். பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். 2000-ல் இறந்தபோது நூற்றுமூன்று வயதுக்கு ஐந்தே நாள் பாக்கி.

எங்கள் அடுப்படியை முழுக்க இடிக்கவில்லை. சமையல் மேடையின் உயரத்தை மட்டும் சரிபார்த்தோம். நின்றுகொண்டு முழங்கையை மடக்கினால், அதற்கு நாலைந்து அங்குலம் கீழே மேடை இருக்க வேண்டும். இல்லையென்றால் தோள்பட்டையோ முதுகோ வாடகை கேட்கும். எங்களுடையது மனைவிக்குச் சரியாக இருந்தது. அந்த ஒன்றிலேயே பெரிய தொகை மிச்சம். கீழ்க்கதவுகளை மட்டும் மாற்றினோம்.

இன்னொரு பாடம் பக்கத்திலேயே இருந்தது. கடலூரிலிருந்து பாண்டிச்சேரிக்கு இருபது சொச்சம் கிலோமீட்டர். அங்கே அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்ட்' விடுதியைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? அன்டோனின் ரேமண்ட் என்ற செக் நாட்டில் பிறந்த கட்டடக் கலைஞரின் டிசைன். 1930-களின் கடைசியில் கட்ட ஆரம்பித்தது. இந்தியாவில் நவீன கான்கிரீட் கட்டடங்களுக்கெல்லாம் முன்னோடி. வெளிச்சுவருக்குப் பதில், திறந்து மூடக்கூடிய படுக்கைவாட்டுப் பலகைகள். காற்று தாராளமாக வரும், வெயில் வராது. அதை மேற்பார்த்து, தேக்கில் எளிமையான மரச் சாமான்களுக்கும் டிசைன் போட்டவர் ஜார்ஜ் நகாஷிமா என்ற ஜப்பானிய வம்சாவளி அமெரிக்க இளைஞர். 1937-ல் பாண்டிச்சேரி வந்தவர், ஆசிரமத்தில் 'சுந்தரானந்தா' என்ற பெயரும் பெற்று, இரண்டு வருஷம் போல இருந்துவிட்டுத் திரும்பினார். பிற்பாடு அமெரிக்காவில் மரவேலைக்கு அவரை மிஞ்ச ஆளில்லை என்று பெயர் வாங்கினார். பலகையில் விரிசல் இருந்தால் அவர் தூக்கிப் போட மாட்டார். வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் ஒரு சின்ன மரத்துண்டைச் செதுக்கி, விரிசலின் குறுக்கே பதித்துப் பூட்டுவார். அதுவே அழகு!

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்களுக்கும் ஒரு விரிசல் வந்தது.

அப்பா கடலூர் வர ஒப்புக்கொண்டபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ஊஞ்சல் வரணும்."

ஊஞ்சல் என்றால் சாதாரண ஊஞ்சல் இல்லை. ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், ஒண்ணேமுக்கால் அங்குலக் கனத்தில் ஒரே தேக்குப் பலகை. தாத்தா காலத்தது. அம்மா மத்தியானத்தில் படுப்பது அதில்தான். நானும் அக்காவும் ஏ.பி.சி.டி. படித்ததும் அதில்தான். ஆனால் இடுப்பில் கம்பி வைத்தவர் ஊஞ்சலில் உட்காரலாமா? "ஆடற எதிலயும் உட்காரக் கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போதாக்குறைக்கு, கழற்றும்போது பார்த்தால் ஒரு முனையிலிருந்து முக்கால் அடிக்கு விரிசல்.

நான் பிடித்த ஆசாரி சிதம்பரத்துக்காரர். அறுபதை நெருங்குகிற வயது. பேச்சு குறைவு. பலகையைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"இது இன்னும் நூறு வருசம் வரும் சார். ஆனா சங்கிலில தொங்கக் கூடாது. கால் போட்டுத் தர்றேன்."

"விரிசல்?"

"அதுக்குக் குறுக்கப் பூட்டு போட்டுர்லாம்."

அவர் செதுக்கிய துண்டைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடுவில் இடுப்பு ஒடுங்கி, இரண்டு பக்கமும் விரிந்து... அதே வண்ணத்துப்பூச்சி! "நகாஷிமாவைத் தெரியுமா ஆசாரி?" என்றேன். "எந்தத் தெரு சார்?" என்றார். அவருடைய அப்பா சொல்லிக் கொடுத்ததாம்.

* * *

அப்பாவின் கட்டிலுக்கும் ஒரு கதை இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்ததை இந்த ஜில்லாவில் யாரும் மறந்திருக்க முடியாது. பண்ருட்டி வட்டாரத்தில் பலாவும் முந்திரியும் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. ஒரு பலா நட்டு நன்றாகக் காய்க்க எத்தனை வருஷம்! பிள்ளைகளின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் மரத்தை நம்பியிருந்த குடும்பங்கள் ஒரே காலையில் திகைத்துப் போய் நின்றன. பண்ருட்டிப் பக்கம் கிராமத்தில் இருக்கும் சித்தப்பா, விழுந்த மரங்களில் ஒன்றை மட்டும் விற்க மனசில்லாமல் அறுத்து, பலகைகளாகக் கொட்டகையில் அடுக்கி வைத்திருந்தார்.

"அண்ணனுக்குக் கட்டிலா? எடுத்துட்டுப் போடா" என்றார். பணம் என்றதும் முறைத்தார்.

பலா மரம் வெட்டிய புதிதில் மஞ்சளாக இருக்கும். வருஷம் ஆக ஆக நிறம் முற்றித் தேன் நிறமாகி, பழுப்பாகும். வீணைக் குடமும் மிருதங்கக் கட்டையும் இந்த மரத்தில்தான். கரையான் லேசில் தொடாது. ஒரே நிபந்தனை, நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தில் செய்தால் முறுக்கிக்கொள்ளும். சித்தப்பாவின் பலகை பதின்மூன்று வருஷம் நிழலில் காய்ந்தது. இந்தப் பதம் எந்தக் கடையில் கிடைக்கும்? லாரி பேக்கர் என்று ஓர் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். கேரளத்தையே தன் ஊராக்கிக்கொண்டவர். வீட்டுக்கு வேண்டிய பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்று காந்திஜி அவரிடம் சொன்னாராம். எங்களுக்குப் பதினைந்து இருபது மைல் ஆகிவிட்டது. மகாத்மா மன்னிப்பார்.

கட்டிலின் உயரத்தை ஆசாரி கட்டை விரலால் முடிவு செய்யவில்லை. என்னைச் சிதம்பரத்துக்கு அனுப்பி, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் முழங்கால் உயரத்தை அளந்து வரச் சொன்னார். பதினெட்டரை அங்குலம். மெத்தையோடு சேர்த்துக் கட்டில் அந்த உயரம். அதற்குக் குறைந்தால் எழுந்திருக்க முட்டியோடு மல்லுக்கட்ட வேண்டும், அதிகமானால் கால் தரையில் பாவாது. தலைமாட்டில் ஒரு சின்ன டிராயர். கைக்கெட்டும் தூரத்தில் சுவிட்ச்.

மற்ற அலமாரிகளுக்கு பிளைவுட். கடைக்காரர் 'வாட்டர் ப்ரூஃப்' என்று சொன்னால் தலையாட்டாதீர்கள். பலகையின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் நம்பரும் இருக்கும், அதைப் பாருங்கள். 303 என்றால் பொது உபயோகம். 710 என்றால் 'மரைன்' வகை. 710 முத்திரைக்குச் சோதனை என்ன தெரியுமா? பலகைத் துண்டை 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டும் ஒட்டு விடக் கூடாது. சாம்பாரில் முருங்கைக்காய் இருபது நிமிஷத்தில் சரணாகதி!

இன்னொரு சூட்சுமம். பிளைவுட் எட்டடிக்கு நாலடி. அலமாரியின் ஆழத்தை இரண்டடிக்கு ஒரு நூல் குறைவாக வைத்தால் ஒரு பலகை கச்சிதமாக இரண்டு துண்டாகும். இரண்டேகால் அடி என்று ஆசைப்பட்டீர்களோ, மிச்சத் துண்டு விறகு. ஆசாரியும் மனைவியும் கிராஃப் பேப்பரில் பலகை பலகையாக வெட்டும் கணக்குப் போட்டதில் மூன்று பலகை மிச்சம். சதுர அடி நூற்றிருபது ரூபாய் வீதம் பலகைக்கு 3,840 ரூபாய். மூன்றுக்கு 11,520. கிராஃப் பேப்பர் இரண்டு ரூபாய்!

கடலூரில் இன்டீரியர் செய்பவனுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று உப்புக் காற்று. கீல், தாழ்ப்பாள், கைப்பிடி எல்லாம் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்க வேண்டும். 202 ரகம் கடையில் ஒரே மாதிரிதான் மின்னும், எங்கள் ஊர்க் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். இரண்டாவது, தண்ணீர். 2015 வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் ஓர் அடி தண்ணீர். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு சாத்தனூர் அணையிலிருந்து தண்ணீர் திறந்து தென்பெண்ணை பெருக்கெடுத்தபோது, எங்கள் தெருமுனை வரை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அப்பர் பெருமானைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டபோது, அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து கரையேறிய ஊர் இது என்பார்கள். 2015-ல் எங்கள் டி.வி. ஸ்டாண்டு மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. கல் மிதந்த ஊரில் அது மிதக்கவும் இல்லை, அப்பளம் மாதிரி ஊறி உப்பி உதிர்ந்தது. ஆகவே இம்முறை எல்லா அலமாரிக்கும் அடியில் ஒண்ணேகால் அடிக்குச் செங்கல் மேடை, மேலே கடப்பாக்கல். பிளக் பாயின்ட் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு மேலே.

பாத்ரூம்தான் நிஜமான இன்டீரியர். வீட்டில் வயதானவர்கள் வழுக்கி விழும் ஆபத்து அங்கே அதிகம். நிலையைப் பெயர்த்துக் கதவை மூன்றடி அகலமாக்கினோம். கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்தோம். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், உட்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே தடுத்துவிடும். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய வகை. வாசற்படி மேடு இல்லை, சரிவு மட்டும். வழுக்காத சொரசொர டைல்ஸ். கைப்பிடிக் கம்பிகளை டைல்ஸோடு நிறுத்தாமல் செங்கல் சுவர் வரைக்கும் போல்ட் இறக்கினோம். மேஸ்திரி அதைப் பிடித்துத் தொங்கிக் காட்டினார். எண்பத்தைந்து கிலோ!

வேலை நடக்கும் வரிசையும் முக்கியம். முதலில் உடைப்பு, பிறகு குழாய், வயரிங், டைல்ஸ், மரவேலை, கடைசியில் பெயின்ட். "நான் ஃப்ரீயா இருக்கேன், முதல்ல அடிச்சுடறேன்" என்று பெயின்டர் வந்து நிற்பார். விடாதீர்கள். இழைப்புத் தூசி அத்தனையும் புதுப் பெயின்டில் ஒட்டிக்கொண்டு, சுவர் உப்புத்தாள் ஆகிவிடும்.

ஜன்னல்? கம்பெனிக்காரத் தம்பி அடைக்கச் சொன்ன அதே ஜன்னலுக்கு எதிரேதான் அப்பாவின் தலைமாடு. அது மனைவியின் யோசனை. கொசுவலை அடித்து எப்போதும் திறந்து வைக்கச் சொன்னாள். காரணம் கேட்டதற்கு, "விடியக்காலம் எழுந்து கேட்டுப் பாருங்க" என்றாள். எழுந்து கேட்டேன். பாடலீஸ்வரர் கோயில் மணி.

* * *

ஏப்ரல் கடைசியில் அப்பா வந்தார். வாசலில் ஒரு கணம் வாக்கரோடு நின்றார். படி இல்லை, சரிவு. உள்ளே வந்து சுவரைத் தடவினார். கட்டிலைத் தடவி, "பலாவா?" என்றார். சித்தப்பா பெயரைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாத்ரூம் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். கடைசியாகத் தெரு ஜன்னலுக்குக் கீழே ஊஞ்சல் பலகையிடம் வந்தார். நாலு காலோடு அது பெஞ்சாக நிற்கிறது. நான் ஆசாரியைப் பார்த்தேன், ஆசாரி தரையைப் பார்த்தார்.

அப்பா உட்கார்ந்தார். பழக்க தோஷம், கால் தானாகத் தரையை உந்தியது. பலகை அசையவில்லை. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"ஆடலியே" என்றார்.

"டாக்டர் கூடாதுன்னுட்டாருப்பா..."

"பரவால்ல விடு. ஆடறதுக்குத்தான் அங்க ஒருத்தர் இருக்காரே!"

முதலில் சிரித்தது ஆசாரி.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. சிதம்பரத்து வீட்டை அப்பா காலி பண்ணவில்லை. மாதா மாதம் வாடகை நாலாயிரத்து ஐந்நூறு தன் பென்ஷனிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்தார். சாவி, கட்டிலின் தலைமாட்டு டிராயரில். நாங்கள் யாரும் கேட்கவில்லை. ராத்திரி தூக்கம் வராதபோது டிராயர் திறந்து மூடும் சத்தம் மட்டும் கேட்கும். 'அவருக்குத் திரும்பிப் போக ஓர் இடம் இருக்குன்னு தெரிஞ்சாத்தான் இங்க நிம்மதியா இருப்பார்' என்றாள் மனைவி. பத்து இன்டீரியர் டிசைனருக்குச் சமம் அவள்.

கணக்கை முடித்தேன். பிளைவுட், மைக்கா, கதவுகள் 92,000. ஆசாரிக்கும் உதவியாளுக்கும் 26 நாள் கூலி 57,200. பாத்ரூம் 68,000. எலெக்ட்ரிகல் 31,000. பெயின்டிங் 48,000. கீல், கைப்பிடி வகையறா 21,800. பலாப் பலகைக்கு வண்டி, இழைப்புக் கூலி 6,000. மொத்தம் 3,24,000. கையில் மிச்சம் ஆயிரம்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து, எதிர்வீட்டுப் பெரியவரோடு ஜன்னல் வழியாகவே அரசியல் பேசிக்கொண்டிருந்தார். நான் ஆபீஸிலிருந்து வந்ததும், "டேய், நாளைக்கு உனக்கு லீவுதானே?" என்றார்.

"ஆமாம்ப்பா."

டிராயரிலிருந்து சாவியை எடுத்து வரச் சொன்னார். கையில் வாங்கி ஒரு தடவை பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"வீட்டுக்காரர்கிட்ட கொடுத்துடு. அப்படியே சபையில ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வந்துடு. டிராயர்ல மாத்திரை வைக்க இடம் பத்தல."

மறுநாள் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். கணக்கு நோட்டில் கடைசி வரி இப்படி எழுதியிருக்கிறேன்: 'இன்டீரியர் செலவு - கடலூர், சிதம்பரம் பஸ் டிக்கெட், போக வர.'